மழை நின்றதும் அடுத்த பக்கம்

படிப்பறையைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பாதி, புத்தகம் அடுக்குவது; மீதிப் பாதி, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பது. ஒரு பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, திறக்குமா, திறந்தாலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதுண்டா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி. மேலே படிக்கலாம்.

பட்டாபிராமில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், கேட்டை ஒட்டிய தரைத்தள அறைதான் என் அலுவலகம். இரண்டு சுவருக்கு அலமாரி, ஒரு பாய், குட்டி நாற்காலிகள், மேற்கே பார்த்த ஜன்னல். பள்ளி திறந்த ஜூனில் குடியிருப்போர் சங்கம் இந்த அறையைக் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே கொடுத்தது. தீபாவளி முடிந்து பொதுக்கூட்டம் கூடும். அதற்குள் பிள்ளைகள் படிக்கத் தொடங்கியிருந்தால் அறை படிப்பறையாகவே இருக்கும். இல்லையென்றால் பார்சல் அறையாகிவிடும். ஆன்லைனில் வாங்குகிற பொருட்களெல்லாம் செக்யூரிட்டியின் மேசையைச் சுற்றி மலையாகக் குவிந்து கிடந்ததால், அந்த இரண்டாவது யோசனைக்குத்தான் ஆதரவு அதிகம். அறை போனால் என் வேலையும் போகும்.

இது என் முதல் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பா செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் சுமை ஏற்றுகிறார். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கிறார். முதல் நாள் நெமிலிச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, என் வேலை என்ன என்று அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இது:

"புள்ளைங்க படிக்குதானு பாத்துக்கினு குந்தறதுக்கு ஒரு சம்பளமா? சரி, நல்லதுதான். படிக்கலனா இன்னா பண்ணுவே?"

நடுங்கும் கூடை

முதல் நாளே நான் போட்ட விதி ஒன்று உண்டு. உள்ளே வருகிறவர்கள் செல்போனையும், மணியடிக்கிற கைக்கடிகாரத்தையும் வாசலில் இருக்கும் பழக்கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். என் மூளையில் உதித்த மிகச் சிறந்த யோசனை இதுதான் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், பிள்ளைகள் எல்லாரும் கூடையைப் பார்த்த வாக்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மின்சார ரயில் போகும்போது எங்கள் ஜன்னல் கம்பி லேசாக அதிரும். கூடை அதைவிட அதிகமாக அதிரும். உள்ளே எது நடுங்கினாலும், அது யாருடைய போன் என்று சத்தத்தை வைத்தே சரியாகச் சொன்னார்கள். படிப்பறையில் அவர்கள் முதன்முதலாகப் படித்தது அந்த நடுக்கத்தைத்தான்.

ஐந்தாம் வகுப்பு ரித்விக்கின் அப்பா சனிக்கிழமைகளில் அவனுடனேயே வந்து உட்காருவார். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை படிக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். கம்பெனியில் எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அதனால் போனைக் கூடையில் போட முடியாது என்று என்னிடம் சங்கடத்தோடு அனுமதி கேட்டார். நானும் அதே சங்கடத்தோடு கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை அவர் பேசுவதற்காக வெளியே போனதும் ரித்விக் என் பக்கம் குனிந்து சொன்னான்:

"எங்கப்பா பக்கத்துல உக்காந்து நான் படிக்கிறதைப் பாக்குறாருன்னா நினைச்சீங்க? அவரு போன் பாக்குறதை நான்தான்க்கா பாத்துட்டு இருக்கேன்."

அரை மணிக்கு அரை மணி

ஜூலையில் திடீரென்று கூட்டம் வந்தது. குட்டி நாற்காலிகள் போதாமல் பிள்ளைகள் பாயிலும் உட்கார்ந்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நம் வேலை நிலைத்துவிட்டது என்று மனதுக்குள் வீட்டுக்கு ஒரு மிக்ஸிகூட வாங்கிவிட்டேன். ஆனால் எல்லாருடைய கண்ணும் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வீடுகளில் ஓர் ஒப்பந்தம் பரவியிருந்தது: கீழே போய் அரை மணி நேரம் புத்தகம் படித்தால், மேலே வந்து அரை மணி நேரம் போனில் விளையாடலாம். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெரிசலில் நசுங்கி ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், தங்களுக்குத் தெரிந்த வழியில் ஏதோ முயன்றிருக்கிறார்கள். ஆனால் புத்தகம் கசப்பு மருந்தாகிவிட்டது. சர்க்கரை மேல்மாடியில் இருந்தது.

ஒரு மாலை, வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் சாய்ந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில் ரித்விக், திருட்டுப் பூனை ஒன்றைப் பற்றிய படக்கதையைப் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கடிகாரத்தையே பார்க்கவில்லை. வெயில் அவன் முழங்காலிலிருந்து மெல்ல ஏறித் தோளுக்கு வந்துவிட்டது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன், நீங்களும் செய்திருப்பீர்கள். பிள்ளைக்குப் போன் நேரம் வீணாகப் போகிறதே என்று நேர்மையாக நினைத்து, அரை மணி முடிந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். தூக்கத்தில் எழுப்பியவன் போலத் திடுக்கிட்டான். புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு கவலை வந்தது.

"அக்கா, இது நல்லா இருந்துச்சு. நல்லா இருந்தா கணக்குல சேருமா? எங்கம்மா பிடிக்காததைப் படிச்சாத்தான் அதைப் படிப்புன்னு சொல்லுவாங்க."

முகம் தெரிய வேண்டும்

சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர். ஓய்வு பெற்ற அதிகாரி. சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். பார்சல் அறை கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆதாரம் வேண்டும் என்று, தினமும் ஒரு போட்டோ எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார். எனக்கு யார் எதைச் சொன்னாலும் அது உத்தரவு. முதல் போட்டோவுக்கே இதயங்களும் கைதட்டல்களும் கொட்டின. இரண்டாம் நாள் ஓர் அம்மா, தன் மகன் முகத்தைப் புத்தகம் மறைக்கிறதே என்று கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்தார்கள். முகம் தெரிய வேண்டுமென்றால் புத்தகம் இறங்க வேண்டும். புத்தகம் இறங்கினால் படிக்க முடியாது. நான்காம் நாள் தலைசீவிப் பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள். குழுவில் எங்கள் அறை தினமும் அழகாகிக்கொண்டே போனது. போட்டோ எடுத்த கையோடு அறை காலியானது.

மூன்றாம் வகுப்பு நிலா மட்டும் போக மாட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் நான் போனைத் தூக்கியதும், அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பாய்க்கு அடியில் ஒளித்தாள். ஏன் என்று கேட்டதற்கு மிகவும் பொறுமையாக விளக்கினாள்:

"நேத்தும் இதே புக்கோடதான் எடுத்தீங்க. இன்னும் முடிக்கலையான்னு அம்மா கேப்பாங்க. போட்டோவுக்கு மட்டும் வேற புக் குடுங்கக்கா, நான் இன்னும் நடுவுலதான் இருக்கேன்."

பக்கம் திருப்பாதவள்

அதற்குப் பிறகு போட்டோ எடுப்பதை வாரம் ஒரு முறையாகக் குறைத்தேன். கூட்டமும் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தது. சில மாலைகளில் நானும் நிலாவும் மட்டும் இருப்போம். ராணுவக் கிடங்குக்குப் போகிற சரக்கு வண்டி, பக்கத்து இருப்புப்பாதையில் நீளமாக முனகிக்கொண்டே போகும். அது போய் முடிந்த பிறகு வருகிற அமைதியில், அறை முழுவதும் எங்கேயோ மிதந்து போவதுபோல் இருக்கும். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஆனால் காலி அறையைக் காட்டி எப்படி வேலையைக் காப்பாற்றுவது?

போதாக்குறைக்கு நிலா பக்கமே திருப்பவில்லை. திறந்த பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடைப்பயிற்சிக்குப் போன செயலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பாப்பா வெறுமனே உட்கார்ந்திருக்கிறதே, எழுத்துக் கூட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். தங்கு தடையில்லாமல் வாசித்தாள். பிறகு மறுபடியும் அதே பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஏரி ஒன்று. ஆளில்லாத படகு. சாய்வாக மழைக் கோடுகள். அக்கரையில் ஒரு வீடு, ஜன்னலில் மஞ்சள் விளக்கு. கீழே இரண்டே வரி. சின்ன வயதில் என் கைக்குக் கிடைத்ததெல்லாம் பாடப் புத்தகமும் கைடும்தான். பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டும், செய்தால் திருப்ப வேண்டும். சும்மா பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த விளக்கை யார் ஏற்றியிருப்பார்கள், படகில் வந்தவர் அங்கேதான் போயிருப்பாரா என்று நானும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். போனில் ஒன்று முடியும் முன்னே அடுத்தது தானாக ஓடி வந்து நிற்கும். இங்கே அவள் விரல் அசைகிறவரை ஒன்றும் நகராது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ தெரியாது. கடைசியில் என் பயம்தான் வாயைத் திறந்தது. ஏன்டா இன்னும் திருப்பவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"இந்தப் பக்கத்துல மழை பெய்யுதுல்லக்கா. நின்னதும் அடுத்த பக்கம் போறேன்."

கத்திப் படிக்கிறவள்

பிள்ளைகள் எடுப்பதெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள்தான்; எங்கள் தமிழ் அலமாரியை யாரும் தொடுவதில்லை. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிற பிள்ளைகள்தான். எழுத்தைப் பார்த்தால் தெரியாத ஊருக்கு வந்ததுபோல் விழிப்பார்கள். அந்த அலமாரிக்கு வந்த முதல் வாசகி பூங்கொடி. குடியிருப்பில் பெருக்கித் துடைக்கிற செல்வி அக்காவின் மகள். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்த் தெருவில் வீடு. மழைக்காலம் தொடங்கியதும், மாடிப்படி துடைக்கிற நேரத்துக்கு மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அறை குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்பது விதி. நான் விதியை மீறித்தான் அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

பூங்கொடி புத்தகத்தைத் திறந்தாள், ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்வதுபோல் உரத்த குரலில் படிக்க ஆரம்பித்தாள். 'அமைதி காக்கவும்' என்று நானே எழுதி ஒட்டிய அட்டையைக் காட்டினேன். குரலை இறக்கினாள். குரல் இறங்கியதும் படிப்பு நின்றுவிட்டது; அதே வரியில் தவித்துக்கொண்டு நின்றாள். பேச்சுக் கொடுத்ததில் காரணம் தெரிந்தது. அவள் அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகளிர் குழு, பள்ளிக்கூடம், தண்ணீர் லாரி என்று போனில் வருகிற செய்தியையெல்லாம் அம்மா அடுப்படியில் இருந்தாலும் கேட்கிற மாதிரி படித்துச் சொல்வது அவள் வேலை. அவள் படிக்கக் கற்றதே போனில்தான், அதுவும் இன்னொருவருக்காக. கேட்க ஆளில்லாமல் படிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அட்டையைக் கழற்றினேன். அவள் மறுபடி தொடங்கினாள். சிங்கம் தன் குகைக்கு வாடகை கேட்கிற கதை. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவள் குரல் ஏறியது. ரித்விக் தன் புத்தகத்தை மூடிவிட்டு நகர்ந்து நகர்ந்து அவள் பக்கம் வந்தான். நிலா கண்ணை மூடிக்கொண்டாள். கதை எங்கேயாவது நின்றால் "அப்புறம்?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். அன்று அரை மணி எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஈரத் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்ற செல்வி அக்காவின் முகம் சுருங்கியது.

"இன்னாமா இது, ரெண்டாவது மாடி வரிக்கும் கேக்குது. ஊட்ல மெசேஜ் படிக்கிற மாதிரியே இங்கயும் கத்திக்கினு கீது. உனக்கு எதுனா பிரச்சனை ஆயிடப் போவுது, நாளைலருந்து இட்டுக்கினு வரல."

அவரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கார் நிறுத்தத்தில் கூட்டம்

பொதுக்கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், தேநீர் கேன். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு அறையின் முறை வந்தது. செயலாளர் என் பக்கம்தான் இருந்தார். ஜூலை, ஆகஸ்ட் போட்டோக்களை வரிசையாகக் காட்டினார். தலைகள் அசைந்தன. இப்படியே முடிந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், இத்தனை பேரும் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். மைக் என் கைக்கு வந்தது.

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அது நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் பூங்கொடி அந்தப் போட்டோக்களில் எங்கேயும் இல்லை என்பது என் கண்ணில் உறுத்தியது. போட்டோவில் இருப்பவர்களில் பாதிப் பேர் போட்டோவுக்காக வந்தவர்கள், இப்போது வருகிறவர்கள் ஒரு பாய்க்குள் அடங்கிவிடுவார்கள், ஆனால் அவர்கள் படிக்கிறார்கள் என்று சொன்னேன். என் குரல் ஸ்பீக்கரில் யாருடைய குரலோ போல் கேட்டது. ரித்விக்கின் அம்மா எழுந்து, தன் மகன் அந்தப் பாதியா இந்தப் பாதியா என்று கேட்டார். முதலில் அந்தப் பாதி, மழைக்குப் பிறகு இந்தப் பாதி என்றேன். மழையில் அப்படி என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு பெண் கதை படித்தாள், அவன் கேட்டான், இப்போது அந்தக் கதையைத் தானே படிக்க வேண்டுமென்று தமிழ் எழுத்துக் கூட்டுகிறான் என்றேன். அவர் உட்கார்ந்தார். அந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் அறையை வெட்டினார்கள்: ஜன்னல் பக்கச் சுவர் புத்தகத்துக்கு, எதிர்ச் சுவர் பார்சலுக்கு, இரண்டுக்கும் சேர்த்துக் காவல் நான். கூட்டம் கலைந்ததும் செயலாளர் தேநீர்க் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"போட்டோவைக் காட்டினதும் நீ பேசாம இருந்திருந்தா முழு ரூமும் உனக்குத்தான்மா."

எடுத்து வரப் போனவர்கள்

இப்போது என் அறையில் அட்டைப் பெட்டி வாசனையும் புத்தக வாசனையும் கலந்து அடிக்கிறது. பார்சல் வந்ததும் வீட்டுக்குச் செய்தி போகும். வேலை முடிந்து அலுத்து வந்தவர்கள் தாங்கள் இறங்கி வருவதில்லை, பிள்ளையை அனுப்புகிறார்கள். பிள்ளை வருகிறது. பெட்டியைத் தேடி நான் எடுப்பதற்குள் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. யாரும் படி என்று சொல்லி அனுப்பவில்லை. திரும்பிப் போனால் எந்தப் பரிசும் கிடையாது. சும்மா ஒரு புத்தகத்தை இழுக்கிறது. பெரிய பெட்டிகள் உட்கார வாகாக இருக்கின்றன. பூங்கொடி படிக்கிற நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஜூலையில் வந்து காணாமல் போன முகங்களெல்லாம் பெட்டிகள் மேல் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. சில மாலைகளில் நிமிர்ந்து பார்த்தால், யாரோ அனுப்பிய மூட்டைகளுக்கு நடுவே யாரும் அனுப்பாத ஒரு கனவு நடப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

போன வாரம் நிலாவின் அம்மா அவசரமாக இறங்கி வந்தார். அடுப்பில் ரசம். ஆன்லைனில் வந்திருந்த கொத்தமல்லியும் தக்காளியும் எடுத்து வரச் சொல்லி மகளை எப்போதோ அனுப்பியிருந்தார். நிலா யார் வீட்டுக்கோ வந்த மின்விசிறிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கொத்தமல்லிப் பை, அதன்மேல் புத்தகம். திட்ட வாயெடுத்தவர், மகளின் தோளுக்கு மேலாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மேலே ரசம் என்ன ஆனதோ தெரியவில்லை. எல்லா அம்மாக்களும் அப்படி நிற்பார்களா? மறுநாள் காலை செயலாளர் பேனாவைத் திறந்தபடி அறைக்குள் வந்தார்.

"முதல்ல பிள்ளைங்க படிக்க மாட்டேங்குதுன்னு புகார். இப்போ பார்சலுக்கு அனுப்பின பிள்ளை மேல வரலைன்னு புகார். நான் எதைத்தான்மா மீட்டிங் மினிட்ஸ்ல எழுதறது?"

இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: போய்ப் படி என்று அனுப்பிய பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும், போய்த் தக்காளி எடுத்து வா என்று அனுப்பிய பிள்ளைதான் படிக்கும், ஆகவே உங்கள் வீட்டில் ரசம் கொஞ்சம் தாமதமாகும்.